சுட்டவர் யார்?

அமெரிக்காவின் மோன்டானாவில், துப்பாக்கிக் கம்பெனியின் வாரண்டி கவுண்டரில் தன் லீவர் ரைஃபிளையும் அது துளைத்த இலக்குத் தாளையும் வைத்தாள் லொரெட்டா.

"நீங்க சரிபண்ணி அனுப்பியும் குண்டு கண்டபடி போகுது. சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம்."

"நான் சரிபண்ணினதை நானே சுட்டுப் பார்த்துத்தாம்மா அனுப்புவேன்," என்றார் மெக்கானிக் டெக்ஸ்டர். தாளைப் பார்த்ததும் சிரித்தார். "துப்பாக்கி மேல தப்பில்ல. சுட்டவன் காலையிலயே விஸ்கி போட்டிருக்கான். இவன் சுட்டா மான் நின்னு வேடிக்கை பார்க்கும். யாரு, உங்க வீட்டுக்காரரா?"

"அவருக்கு வெடிச் சத்தமே ஆகாது."

"பின்னே யாரு இந்த மகராசன்?"

"நீங்கதான். சுட்டுப் பார்த்த தாளுன்னு பெட்டிக்குள்ள வெச்சு அனுப்பினீங்களே."

டெக்ஸ்டர் உள்ளே போய்ப் புது ரைஃபிளோடு வந்தார்.

"சுட்டுப் பார்த்துத் தரட்டுமாம்மா?"

"நீங்க சிரமப்படாதீங்க," என்று வாங்கிக்கொண்டாள் லொரெட்டா. "நான் பார்த்துக்கறேன்."