திரையில்லாத பத்துக் கணினிகள்

"என்ன மிஸ் இது? பத்து கம்ப்யூட்டர் இருக்கு, ஒண்ணுக்குக்கூட மானிட்டர் இல்லையாமே!"

விஜ்தான் பெருமூச்சு விட்டாள். இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்து நிற்கும் மூன்றாவது ஆய்வாளர் இவர்.

"எங்களுக்கு எதுக்கு உஸ்தாத் மானிட்டர்? படிக்கிற பிள்ளைங்களுக்கும் பார்வை இல்லை, சொல்லிக்கொடுக்கிற எனக்கும் இல்லை. அதையெல்லாம் கடைத்தெருவுல கொடுத்துட்டு ஹெட்போனா மாத்திக்கிட்டேன்."

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. மானிட்டர்கள் கடைக்குப் போனதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், நல்ல கணினிகளை விற்றுவிட்டுப் பழைய குப்பையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று கணினிகளைக் கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான். தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கணினியே வாய்விட்டுச் சொல்லும். காது கொடுக்கத்தான் ஆளில்லை. முதலில் வந்தவர், "கண்ணால பார்க்காம நான் எப்படி எழுதறது?" என்று போய்விட்டார். அடுத்தவர் ஹெட்போனை மாட்டிய வேகத்தில் கழற்றிப் போட்டார். இன்று இந்த ஷவ்கத்தும் கைவிரித்தால், வியாழக்கிழமை வண்டி வந்து பத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இர்பித் நகரத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இருப்பதே இந்த ஒரு கணினி வகுப்புதான்.

காபி வைக்க வந்த ஆயா உம்மு ரவ்ஹி அவள் காதருகே குனிந்தாள். "சரியான சிடுமூஞ்சி மிஸ். வாசப்படி தடுக்கி விழப் போனாரேன்னு கையைப் பிடிச்சேன். வெடுக்குன்னு உதறிட்டாரு."

விஜ்தான் ஷவ்கத்தின் பக்கம் திரும்பினாள். பணிவாகவே கேட்டாள். "உள்ள என்ன இருக்குன்னு நான் கேட்டுச் சொல்லட்டுமா உஸ்தாத்?"

"வேண்டாம். நானே பார்த்துக்கறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

நம்பிக்கை இல்லையாம். இருக்கட்டும். அவள் ஹெட்போனைப் பிடுங்கி, குரல் வெளியே கேட்கும்படி செய்தாள்.

"விண்டோஸ் பட்டனை அழுத்திக்கிட்டே ஆர் எழுத்தைத் தட்டுங்க."

"ஆர் எங்கே?"

அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியைத் தட்டுகிறவர் கேட்கிற கேள்வியா இது? தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"விரலால தடவிப் பாருங்க. எஃப் மேலயும் ஜே மேலயும் சின்னதா ஒரு மேடு தட்டுப்படும். இடது பக்கம் இருக்கிறது எஃப். அதுக்கு மேல் வரிசையில ஆர்."

கணினி ஏதோ சொன்னது.

"பேச்சா இது! எண்ணெயில கடுகு போட்ட மாதிரி பொரியுது?"

"எங்களுக்கு அது பழக்கம். வேகத்தைக் குறைக்கறேன். இப்போ எம், எஸ், இன்ஃபோ, முப்பத்திரண்டு. சேர்த்து அடிச்சு என்டர் தட்டுங்க. அப்புறம் ஒரு தடவ டேப். கீழ் அம்பை அழுத்திக்கிட்டே வாங்க. ஒவ்வொரு வரியா சொல்லும்."

அது சொன்னது. கம்பெனி பெயர், புராசஸர், கடைசியில் நினைவகம் எட்டு ஜிபி.

"அலுவலகம் கொடுத்ததும் எட்டுதான். சரி, அடுத்தது."

அடுத்ததிலும் எட்டுதான். ஆனால் மனிதர் பிடித்த பிடியை விடவில்லை. அவள் உதவப் போனால், "இருங்க, இருங்க, நானே" என்று தடுத்தார். தப்பாக அழுத்தினார். அழித்தார். மறுபடி தடவித் தடவி எஃப்பைத் தேடினார். நாலாவது கணினியில் திடீரென்று நிறுத்தினார்.

"தப்பா அடிச்சா எப்படித் தெரியும்?"

"அதுவே சொல்லும் உஸ்தாத்."

"ஒவ்வொரு எழுத்தையுமா?"

"ஒவ்வொரு எழுத்தையும்."

"ம்" என்றார்.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி வெகுநேரமாகிவிட்டது. உம்மு ரவ்ஹி வெளியே வேண்டுமென்றே நாற்காலிகளைத் தடதடவென்று இழுத்தாள். காலையிலிருந்து நின்றபடியே பாடம் நடத்திய விஜ்தானின் கால்கள் கெஞ்சின. தொண்டை வறண்டுவிட்டது. எட்டாவது கணினியில் அவர் இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். பத்தாவதும் முடிந்தது.

"ஆச்சா?"

"இன்னொரு தடவ அந்த முதல் கம்ப்யூட்டர்ல பார்த்துடட்டுமா?"

அவ்வளவுதான், அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்களைத் திருடங்கன்னே முடிவு பண்ணிட்டு வந்தீங்களா? பத்தையும் உங்க கையாலேயே தொட்டு, உங்க காதாலேயே கேட்டாச்சு. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்? பரீட்சையோ வேலையோ, எங்க பிள்ளைங்களுக்கு எல்லாமே இதை வெச்சுத்தான். கையெழுத்து போடுவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போகிறார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை.

"ரெண்டாவது கம்ப்யூட்டர்லயே எனக்குச் சந்தேகம் தீர்ந்துபோச்சும்மா. அப்பவே போட்டுட்டேன்."

விஜ்தானுக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது.

"அப்புறம் எதுக்கு உஸ்தாத் என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

இப்போது அவர் குரலில் அந்த அதிகாரம் கொஞ்சமும் இல்லை.

"கண் டாக்டர் எனக்குப் பார்வை இந்தக் குளிர்காலம் வரைக்கும்தான்னு சொல்லிட்டார்மா. உங்க வகுப்புல எனக்கும் ஒரு இடம் கொடுப்பீங்களா?"