மிச்சம் முந்நூறு கிராம்

"அரை கிலோ அதிகம். பையைக் கட்டு, வீட்டுக்குப் போகலாம்" என்று உள்ளங்கைகளைத் தேய்த்தபடி எடை பார்க்கும் அறையிலிருந்து வந்தார் மாஸ்டர்.

பெஞ்சில் இருந்தவள் நிமிர்ந்தாள். "யாருக்கு?"

"உனக்கில்லை. உன்னோட மோத வந்திருக்காளே தபால்காரி, அவளுக்கு. ஒரு மணி நேரம் டைம் கொடுத்திருக்காங்க. அதுக்குள்ள அம்பத்திரண்டு கிலோவுக்கு இறங்கலைன்னா போட்டி ரத்து. வெற்றி உனக்கு, பெல்ட்டும் உனக்கு."

அவள் முகம் வாடிவிட்டது.

பெண்களுக்கான கூண்டுச் சண்டையில் அவளுக்கு ஏற்கெனவே மூன்று வெற்றிகள். குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாவற்றுக்கும் இடமுள்ள அந்தக் கூண்டுக்குள் அவள் இதுவரை கால் வைத்ததில்லை. முதல் எதிராளிக்குக் காய்ச்சல். இரண்டாமவளுக்குக் கல்யாணம். மூன்றாமவள் ரயிலைத் தவறவிட்டாள். பயிற்சிக்கூடத்து வாசலில் 'மூன்று வெற்றி, தோல்வியே காணாதவள்' என்று மாஸ்டர் பேனர் கட்டியிருந்தார். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

"எங்க அக்கா வீட்டுக்காரர் என்னை எப்படிக் கூப்பிடறார் தெரியுமா? சும்மா சாம்பியன்."

"கூப்பிட்டுட்டுப் போகட்டும். ரெக்கார்டுல 'சும்மா'ன்னு எழுத மாட்டாங்க."

"ரெண்டு வருஷம் ஆச்சு, மாஸ்டர். காலையில ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஈரப் போர்வையோட மல்லுக்கட்டுறேன். சாயங்காலம் உங்க மணல் மூட்டையைக் குத்துறேன். என்னைத் திருப்பிக் குத்த ஒரு ஆள் கிடைக்கலை."

"பல்லு முப்பத்திரண்டும் பத்திரமா இருக்குல்ல? சந்தோஷப்படு."

அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் தபால்காரி வேர்த்து எடை குறைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். கூட வந்திருந்த அவளுடைய அக்கா ஒரு டம்ளரை நீட்டியபடி நின்றாள்.

"துப்புடி. எச்சிலுக்கும் எடை உண்டு."

"வாயில இருந்தாத்தானே துப்ப, அக்கா."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் முடிந்தது. எடை பார்க்கும் அம்மாள் அறைக்கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஆம்பளைங்க வெளியிலேயே நில்லுங்க. இந்தத் தடவை ஒட்டுத்துணி இல்லாம நிறுக்கப் போறோம். மறைவுக்குத் துண்டு பிடிக்க ரெண்டு பொம்பளைங்க வேணும். இவங்க அக்கா ஒருத்திதான் இருக்காங்க."

"நான் பிடிக்கிறேன்" என்று எழுந்தாள் அவள்.

மாஸ்டருக்கு மனம் குளிர்ந்துபோனது. எதிராளியின் எடைக்கு நம் ஆளே காவல். அவள் காதருகே குனிந்தார். "கண்ணை எடுக்காதே. சுவர்ல சாய்வாளுங்க, ஒரு காலைத் தூக்குவாளுங்க. ஒரு கிராம்கூட ஏமாத்த விட்டுடாதே."

"நான் பார்த்துக்கிறேன், மாஸ்டர்."

கதவு சாத்தப்பட்டது. மாஸ்டர் போனை எடுத்து, பேனர்க்காரருக்கு 'மூன்றை அழித்து நான்கு போடவும்' என்று அடிக்கத் தொடங்கினார். உள்ளே துணி சரசரத்தது. யாரோ கிசுகிசுத்தார்கள். பிறகு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"அம்பத்திரண்டு. சரியா இருக்கு" என்றது அம்மாளின் குரல். அக்காவின் கைதட்டல் கதவைத் தாண்டி வந்தது.

மாஸ்டரின் விரல் 'நா'விலேயே நின்றுவிட்டது.

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். மாஸ்டர் பாய்ந்தார்.

"எப்படி? துணி நூறு கிராம்னு வை. வேர்வையும் எச்சிலும் ஒரு நூறு. மிச்சம் முந்நூறு கிராம் எங்கே போச்சு?"

"துண்டு மேல கையை ஊனிக்கிட்டா. அந்தம்மாவோட கண்ணு மெஷின் மேலேயே இருந்துச்சு."

"பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டா இருந்தே? வா, புகார் கொடுப்போம்." இரண்டடி நடந்தவர் சட்டென்று நின்றார். "இரு, இரு. ஊனினா துண்டு தொய்ஞ்சிருக்குமே. அந்தம்மாவுக்கு அதுகூடவா தெரியாது?"

"அவ அக்கா பக்கம் லேசா தொய்யத்தான் செஞ்சுது, மாஸ்டர்" என்றாள் அவள், கையுறைகளைத் தேடி எடுத்தபடி. "தினம் நூறு ஈரப் போர்வை பிடிக்கிற கை இது, என் பக்கமா ஊனுன்னு நான்தான் அவ காதுல சொன்னேன்."