நூறு சதவீதம் பச்சை

சென்ற ஆண்டு இறுதி விருந்தின் குலுக்கலில் பெரிய டிவி முதலாளியின் மச்சானுக்கே விழுந்தது. தைப்பேயில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனும் தானே இயங்கும் நிரல்களை எழுதிப் பிழைக்கும் அந்த நிறுவனத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் இந்த முறை சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. பன்னிரண்டு குலுக்கல்களையும் ஒரே கான்ட்ராக்ட் நடத்தும். பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் முதலாளியே நினைத்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

எழுதியவன் போயென். சோதிப்பவள் வான்சிங். சர்வர் சமர்த்தாக ஓட வேண்டும் என்று ராசிக்காக அதன் தலையில் வைத்திருக்கும் பச்சைத் தின்பண்டப் பொட்டலத்துக்குக்கூட காலாவதித் தேதி பார்க்கிறவள்.

கவரேஜ் ரிப்போர்ட் நூறு சதவீதம் பச்சையாக வந்தது. ஒரு வரி விடாமல் சோதனையில் ஓட்டிப் பார்த்தாயிற்று என்று அர்த்தம். நூறு என்றாலே வான்சிங்குக்குச் சந்தேகம். கவரேஜ் அமைப்புகளைத் திறந்தாள். கணக்கில் சேர்க்க வேண்டாத கோப்புகளின் பட்டியலில், சோதனைக்கான பொம்மைக் கோப்புகளுக்கு நடுவே ஒரு நிஜக் கோப்பு பதுங்கியிருந்தது.

அதில் ஆறே வரி. கடைசிக் குலுக்கலில் பதினேழாம் எண் பட்டியலில் இருந்தால், குலுக்காமல் அதையே எடு!

பதினேழு, போயெனின் ஊழியர் எண்.

பரிசின் பெயர் அதில் இல்லை; கடைசிக் குலுக்கல் என்றால் முதல் பரிசான மின்சார ஸ்கூட்டர்தானே. வான்சிங்கின் பழைய ஸ்கூட்டர் மழை பெய்தால் நின்றுவிடும். தைப்பேயில் என்றைக்குத்தான் மழை இல்லை? அவளுக்கு வயிறு எரிந்தது. போயெனை மாடிப்படிக்கு இழுத்துப் போனாள்.

"என்னப்பா இது? சோதனைக்கே தெரியாம ஒளிச்சு வெச்சிருக்கே?"

போயெனின் முகம் வெளுத்தது. "அக்கா, மேனேஜர் லியாவ் சார்கிட்ட சொல்லிடாதீங்க. அது எனக்குக் கிடைச்சே ஆகணும். இல்லேன்னா ஊர்ல என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

ஏதோ சூதாட்டச் சிக்கல் என்று நினைத்துக்கொண்டாள். "உனக்கு மட்டும்தான் கஷ்டமா? எனக்கு இல்லையா?"

"உங்களுக்குமா?"

"நாலு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். பதினேழை எடுத்துட்டு என் நம்பர் இருபத்துமூணைப் போடு. இல்லேன்னா நேரா லியாவ் சார் ரூமுக்குத்தான் போவேன்."

"நாலு வருஷமா!" போயென் உருகிப்போனான். "எனக்கு ரெண்டு வருஷமாத்தான்க்கா. சரி, நீங்களே எடுத்துக்குங்க. நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன்."

இவ்வளவு லேசில் விட்டுக்கொடுப்பான் என்று அவள் நினைக்கவில்லை. மனசு கொஞ்சம் உறுத்தியது. ஸ்கூட்டரை நினைத்ததும் சரியாகிவிட்டது. 'சோதித்தாயிற்று' என்று கையெழுத்துப் போட்டாள். கான்ட்ராக்ட் பிளாக்செயினில் ஏறியது. தைதூங்கில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தாள். "ரயில் டிக்கெட் கிடைச்சிடுச்சும்மா! புத்தாண்டுக்கு ஒரு நல்ல சேதியோட வர்றேன்."

விருந்தில் பதினோராவது குலுக்கலிலேயே ஸ்கூட்டர் வந்து, ஐந்தாம் எண்ணுக்கு விழுந்தது. ரிசப்ஷன் பெண் துள்ளிக் குதித்தாள்.

வான்சிங் எதிர் மேசையை முறைத்தாள். போயென் கட்டைவிரலை உயர்த்தி, பொறுங்கள் என்று ஜாடை காட்டினான்.

கடைசிக் குலுக்கலுக்கு மேலாளர் லியாவ் மைக்கைப் பிடித்தார். "இதுக்கு யாரும் கை தட்ட மாட்டீங்கன்னு தெரியும். புத்தாண்டு லீவு ஒன்பது நாளும் தனியா ஆபீஸ்ல உட்கார்ந்து சர்வரைப் பார்த்துக்கப் போறது... நம்பர் இருபத்துமூணு, நம்ம வான்சிங்!"

மீன் உருண்டை அவள் தொண்டையிலேயே நின்றது.

கண் கலங்க அருகில் வந்த போயென், அவள் காதில் சொன்னான்: "சந்தோஷம்தானேக்கா? இந்த வருஷம் உங்களையாவது எந்த அத்தையும் எப்போ கல்யாணம்னு கேட்க மாட்டாங்க!"