ஓயாத இரைச்சல்

ஜன்னல் கம்பிகளின் நிழல் இருபது கணினிகளின் மேல் வரிவரியாகக் கிடக்கிறது. அவற்றுக்குள் காற்றாடிகள் இரைகின்றன. நான்கு வருடமாக இவை முட்டிமோதிப் போட்ட கணக்கை நம்பித்தான் ஒரு மின்நாணயத்தின் பதிவேடு ஓடியது. அதற்குக் கூலியாகக் கிடைத்த நாணயத்தில் அண்ணனின் பிழைப்பும் ஓடியது. இன்றோடு அந்த முறை முடிகிறது. "மாறிடுச்சுண்ணா," என்கிறாள் தங்கை, திரையைப் பார்த்தபடி. "இனிமே எந்தப் பதிவு சரின்னு, நாணயத்தைப் பிணையா வெச்சவங்க சொல்றதுதான் செல்லும். பொய் சொன்னா பிணை போயிடும்." "அப்ப ராப்பகலா உழைச்சவன் பேச்சு?" என்கிறான் அவன். "கரண்ட் மிச்சமாகுதுல்ல." "என் வயித்துல மிச்சம் பிடிக்கிறாங்க." அவள் சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொள்கிறாள். அவன் காது கொடுத்துக் கேட்கிறான். இரைச்சலில் ஒரு பிசிறும் இல்லை. யாருக்கும் வேண்டாத விடையைக் கணினிகள் இன்னும் மும்முரமாகத் தேடுகின்றன. கடைசியில் குனிந்து, முதல் கணினியை அணைக்கிறான். ஒன்று குறைந்ததே காதுக்குத் தெரியவில்லை.