தாழப் பறக்கக் கூடாது

“அந்த போர்டைப் படிக்கத்தான் சார் கீழே இறங்கினேன்” என்றார் பல் டாக்டர்.

பறவைகள் சரணாலய அதிகாரி புருவத்தை உயர்த்தினார். “போர்டுல என்ன எழுதியிருந்துச்சு?”

“‘இங்கே தாழப் பறக்கக் கூடாது’ன்னு.”

அதிகாரி சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற காவலர் மட்டும் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

நடந்தது அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் சின்ன விமானம் ஒன்றை ஓட்டுவது டாக்டரின் ஒரே ஆசை. போன ஞாயிறு மேகத்துக்குள் நுழைந்து வெளியே வந்தபோது திசை தெரியவில்லை. கீழே ஒரு காவல் கோபுரத்தின் கூரையில் போர்டும் அதில் வெள்ளை எழுத்துகளும் தெரிந்தன. ஏதோ ஊர்ப்பெயர், படித்துவிட்டால் வழி தெரிந்துவிடும் என்று இறங்கிவிட்டார்.

“எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்திருந்தா மேலேர்ந்தே படிச்சிருப்பேன் சார்.”

“தப்பு எங்க மேலன்னு சொல்றீங்க?”

“ஐயோ, இல்ல சார்!”

“நாரைங்களைப் பார்க்கணும்னா, அமைச்சரே வந்தாலும் ஏரியோட எதிர்க்கரையிலேயே நிறுத்திடுவோம். நீங்க என்னடான்னா தலைக்கு மேல பறந்துட்டு வந்து எழுத்து சின்னதுங்கறீங்க. புதன்கிழமை மேலிடத்துலேர்ந்து நாரைங்களை எண்ண ஆள் வராங்க. நான் ஒரு வரி எழுதினா போதும், உங்க லைசென்ஸ் காலி.”

திரும்பத் திரும்பத் தேர்வில் கோட்டைவிட்டு, தலை நரைக்க ஆரம்பித்த பிறகு டாக்டர் வாங்கிய லைசென்ஸ் அது. கிளம்பும்போதே மனைவி எச்சரித்திருந்தாள்: “நீங்களும் வாயைத் திறக்காதீங்க, என் தம்பியையும் திறக்க விடாதீங்க.” ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவருக்கு, இன்று தன் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

அந்தத் தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். ஞாயிறன்று விமானத்திலும் பக்கத்து இருக்கை அவனுக்குத்தான். அதனால் அவனையும் விசாரணைக்கு அழைத்திருந்தார்கள்.

“எவ்வளவு கீழ வந்தீங்க?” என்றார் அதிகாரி.

டாக்டர் கூசாமல் பொய் சொன்னார். “ரொம்பக் கீழ இல்ல சார். ஓர் இருபது மாடி உயரம் இருக்கும்.”

“அங்கேர்ந்து நாரைங்க தெரிஞ்சுதா?”

“மரம் பூத்த மாதிரி, வெள்ளை வெள்ளையா…”

“நாரைன்னு தெரிஞ்சுதா, இல்ல வெறும் வெள்ளையா?”

“வெறும் வெள்ளைதான் சார். புள்ளி புள்ளியா.”

“கண்ணு, மூக்கு எதுவும் தெரியல?”

“சத்தியமா தெரியல சார்.”

அதிகாரியின் தோள்கள் தளர்ந்தன. தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இது பூனை எலியை விட்டுப் பிடிக்கிற வேலையோ என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தது.

“சரி, படிச்சவரா இருக்கீங்க. இந்த ஒரு தடவை எச்சரிக்கையோட விடறேன். ஆனா வெளியில யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசக் கூடாது. கிளம்புங்க.”

டாக்டர் பாதி எழுந்துவிட்டார்.

“என்ன அத்தான், புள்ளிங்கறீங்க?” என்றான் மைத்துனன். அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. “மரத்து உச்சியை உரசிக்கிட்டுல்ல போனோம்! நாரையோட கால் விரலை எண்ணியிருக்கலாம்!”

டாக்டர் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். அவன் காலை இழுத்துக்கொண்டானே தவிர வாயை மூடவில்லை.

“நீங்க சும்மா இருங்க அத்தான், உங்களுக்காகத்தான் பேசறேன். சார், உங்க நாரைங்களுக்கு என்ன தைரியம் தெரியுமா? தலைக்கு மேல பிளேன் அலறிக்கிட்டுப் போகுது, ஒண்ணுகூட எழுந்து பறக்கல. ஓர் இறக்கைகூட அசையல. இவர் எதையும் பயமுறுத்தலன்னு நாளைக்கு யாராவது கேட்டாக் காட்டணுமேன்னு முழுசா வீடியோ எடுத்து வச்சிருக்கேன்.”

அதிகாரியின் வாய் பிளந்தது. அந்த நிலையிலும் மேல்வரிசையில் இரண்டு சொத்தைப் பற்கள் டாக்டரின் கண்ணில் பட்டன.

“வீடியோவா?”

“பக்காவா இருக்கு சார். ஜூம் பண்ணி எடுத்திருக்கேன்.”

அதிகாரி காவலரைப் பார்த்தார். காவலர் தரையைப் பார்த்தார்.

டாக்டருக்கு அழுகை வராத குறை. சொன்ன பொய்யும் போயிற்று, லைசென்ஸும் போயிற்று. “சார், இருபது மாடின்னு சொன்னது தப்புதான். மன்னிச்சுடுங்க. ஆனா ஒரு நாரைகூடப் பயப்படலங்கறது நிஜம் சார். அதையாவது மனசுல வச்சு…”

அதிகாரி எழுந்தார். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்த டாக்டர், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்.

ஆனால் அதிகாரி போலீசைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். தன் நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்துவந்து, டாக்டரின் முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். பல் பிடுங்க வந்தவர்கள் ‘வலிக்குமா?’ என்று கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டார்:

“டாக்டர்… அந்த வீடியோவுல, நாரைங்க மேல பெயின்ட் இன்னும் காயலைன்னு தெரியுதா?”