ட்யூபின் வாயோரம்

திரையில் முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை. குமிழைத் திருகத் திருக மங்கல் விலகி, பச்சை வெளிச்சத்தில் கம்பிகள் தெரிந்தன.

ஒன்றா, இரண்டா? ஊசியும் இழையுமாக ஒரு காடே நின்றது. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஐந்நூறு கம்பிகளை அடுக்கலாம்.

அஃப்சருன்னிசாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள்.

இதற்காக மூன்று வருஷம். துத்தநாக ஆக்ஸைடுப் பொடியில் கரித்தூளைக் கலந்து, விரல் நீளப் பீங்கான் படகில் நிரப்பி, உலைக்குள் இருக்கும் நீண்ட ட்யூபில் தள்ளி, ராத்திரி முழுக்க ஆயிரம் டிகிரியில் சூடேறும்படி விட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். பொடி ஆவியாகும். ஆவி, சிலிண்டரிலிருந்து பாயும் வாயுவோடு நகர்ந்து போய், படகை ஒட்டி வைத்த சிலிக்கன் துண்டில் படிந்து கம்பியாக வளர வேண்டும்.

வேண்டும் என்று அவள் நினைத்தால் போதுமா? அந்தத் துண்டு, தினமும் போன மாதிரியே மொட்டையாகத் திரும்பி வந்தது.

இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவளுடைய பிஎச்.டி. ஆய்வுக் கமிட்டி கூடுகிறது. தலைப்பை மாற்றிவிடலாம் என்று அவளுடைய கைடு ராமானுஜம் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார். மாற்றினால் மூன்று வருஷமும் தண்டம், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கச்சேரி ரோடு வீட்டில் அத்தா, ‘எப்பம்மா முடியும்?’ என்று கேட்பதையே நிறுத்திவிட்டார். அவர் கேட்காமல் இருப்பதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

இன்று காலையும் சிலிக்கன் துண்டு மொட்டைதான். ஆனால் ட்யூபின் மறுமுனையில், சூடு குறைந்த வாயோரமாக, வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. இனி கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு கிள்ளு எடுத்து வந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

அவள் கூப்பிட்டதும் வந்த ராமானுஜம் திரையருகே குனிந்தார். பாராட்டுவதில் மகா கஞ்சர். குமிழைத் தானே ஒருமுறை திருகிப் பார்த்ததே அவர் கணக்கில் பெரிய பாராட்டு.

“நேத்திக்கும் இன்னிக்கும் என்ன மாத்தினே?” என்று கேட்டார். “அதைச் சொல்லலேன்னா கமிட்டி இதை அதிர்ஷ்டம்னுதான் சொல்லும். அதிர்ஷ்டத்துக்கெல்லாம் டாக்டர் பட்டம் கிடையாது.”

அவள் யோசித்தாள். பொடி அதே பாட்டில். வாயு அதே சிலிண்டர். சூடும் அதே சூடுதான். நேற்றைக்குக் கரண்ட் கூடப் போகவில்லை.

எதையுமே மாற்றவில்லை. மாற்றாததை எப்படித் திரும்பச் செய்து காட்டுவது? வந்த சந்தோஷம் வந்த வழியே இறங்கிப் போயிற்று.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு புஷ்பம் வந்தாள். ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கிறவள். எட்டு மணிக்கு வர வேண்டியவள், பதினொன்றுக்கு மூச்சிரைக்க நின்றாள். கையில் துணி சுற்றிய நீளக் குச்சி.

“கோச்சிக்காதீங்க சார். பொண்ண ஸ்கூல்ல சேக்க திருவான்மியூர் போய்ட்டேன், காலைல வர முடில. ட்யூப்பு தொடைக்காமயே கீது. தோ, ரெண்டே நிமிசம், தொடச்சிடறேன்.”

“தொடாதே!” என்று கத்தினார் ராமானுஜம். அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. புஷ்பத்தின் முகம் செத்துப்போயிற்று. வேலை போச்சு என்றே நினைத்துவிட்டாள்.

அஃப்சருன்னிசா மெதுவாக எழுந்து அவள் பக்கத்தில் போனாள். “அக்கா, ட்யூப்ல எதைத் தொடைப்பீங்க?”

“அதாம்மா, வாயோரம் பஞ்சு கணக்கா ஒட்டிக்கினு இருக்குமே. தெனம் நீ வர்றதுக்குள்ள படக எடுத்து தட்டுல வெச்சிட்டு, அத்த சுத்தமா வழிச்சி எடுத்துடுவேன். ட்யூப்பு கண்ணாடியா இருக்கணும்னு சார்தான சொல்லிக்கிறாரு.”

தினம்!

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. மூன்று வருஷமாகத் தினமும் ஜெயித்திருக்கிறாள். பத்து மணிக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்த ஜெயம் குப்பைத் தொட்டியில் கிடந்திருக்கிறது. புஷ்பத்தின்மேல் கோபப்பட வழியே இல்லை, சொன்ன வேலையை ஒரு நாள் தவறாமல் செய்தவள் அவள். சொன்னவர் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

இரண்டு பேரும் தன் கையிலிருந்த குச்சியையே பார்ப்பதைக் கண்டு புஷ்பம் இன்னும் பயந்தாள். தன் கட்சியைப் பேசிவிட வேண்டியதுதான் என்று ஆரம்பித்தாள்.

“எல்லா நாளும் இவ்ளோ இருக்காது சார். மழ பேஞ்சா கொஞ்சமாத்தான் இருக்கும். சிலிண்டரு புச்சா மாத்துன அன்னிக்கி பொசபொசன்னு அள்ளலாம். நான் ஒண்ணும் ஏமாத்தல சார், எல்லாத்தையும் தொடச்சிக்கினுதான் இருந்தேன்.”

ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, எந்த மாணவருக்கும் எழுந்து கொடுக்காத தன் நாற்காலியைப் புஷ்பத்தின் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்கோம்மா,” என்றார். “போன மழைக்காலத்திலேர்ந்து ஆரம்பிச்சு, என்னிக்கு எவ்வளவு இருந்ததுன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்கோ.”