யார் மாட்டிய விளக்கு?

"இது யார் மாட்டினது?"

டெய்லர் கேட்டதும் மனைவி தன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள். சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கென்னங்க தெரியும்? வேலை முடிஞ்சு ஸ்டாண்டுக்குப் போனா, எரிஞ்சுக்கிட்டு நிக்குது. நீங்கதான் மாட்டிட்டுப் போனீங்கன்னு நெனச்சேன்."

"நானா?"

டெய்லருக்குச் சுருக்கென்றது. 'லைட்டு வாங்கித் தர்றேன்' என்று அவர் சொல்லிச் சொல்லியே ஒரு மழைக்காலம் முழுசாகப் போயிருந்தது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை அவளுக்கு. முடிகிற நேரம் நன்றாக இருட்டிவிடும். மற்ற பெண்களெல்லாம் வேனில் ஏறிக்கொள்வார்கள். இவளுக்கு வேனைப் பார்த்தாலே குமட்டும்.

அடுத்த வாரம் மட்கார்டில் வெள்ளி ஸ்டிக்கர். அப்புறம் பெடலில். அப்புறம், ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் கோட்டு தொங்கியது. முதுகுப் பக்கம் குறுக்கே பட்டை. வெளிச்சம் பட்டால் பளீரென்றது.

அளவெடுத்துத் தைத்த மாதிரி அவளுக்குப் பொருந்தியது. டெய்லருக்கு அதுதான் உறுத்தியது.

மாடியிலிருந்து அவருடைய அக்கா எட்டிப் பார்த்தாள். "யாருடா உன் பொண்டாட்டியைக் கல்யாண வீடு மாதிரி ஜோடிச்சு அனுப்புறது?"

டெய்லர் உள்ளே போனதும் மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எனக்கும் ஒண்ணும் புரியலங்க. எல்லாத்தையும் கழட்டிக் கடாசிடட்டுமா?"

'கடாசு' என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. இப்போதெல்லாம் தெருமுனையில் அவள் திரும்பும்போதே தெரிந்துவிடுகிறது. பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. அந்த ஆளைக் கும்பிடுவதா, சட்டையைப் பிடிப்பதா?

மறுநாள் சாயங்காலம் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். தலை முழுக்க நரை. மனைவியின் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின் சக்கரத்தில் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தார்.

"யோவ்! என்ன பண்றே அங்கே?"

அவர் பதறவில்லை. "நீங்க?"

"இந்த சைக்கிள்காரியோட புருஷன்!"

"அட, வாங்க தம்பி! நான் இங்க வேன் டிரைவர். உங்களையே பாக்கணும்னு இருந்தேன். முன்னாடிக்கு ஒரு லைட்டு நீங்க வாங்கி மாட்டிடுங்க. நான் பின்னாலதானே வர்றேன், பின்பக்கத்தை மட்டும் கவனிச்சுக்கிட்டேன்."

டெய்லருக்குத் தலை சுற்றியது. "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

"போன மாசம் பாலத்துக்கிட்ட என் வேன்ல அடிபடாம நூலிழையில தப்பிச்சாங்க. அவங்களுக்கே தெரியாது. கிட்டப் போற வரைக்கும் ஆள் இருக்கிறதே தெரியல தம்பி. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. நேர்ல குடுத்தா ஊர் ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும். அதான், சொல்லாம மாட்டினேன்."

டெய்லருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டையைப் பிடிக்க வந்த கை தானாகக் கும்பிட்டது. "நான் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சிருக்கீங்க. மன்னிச்சுக்குங்க."

"அதெல்லாம் விடுங்க. நடந்துதானே வந்தீங்க? ஏறுங்க, உங்க தெருமுனையில எறக்கிவிடறேன்."

மனைவி மஞ்சள் கோட்டோடு முன்னால் போனாள். பின்னாலேயே வேன் கிளம்பியது. டெய்லர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள்.

தெருவிளக்கு இல்லாத, குண்டும் குழியுமான ரோடு. முந்திப் போக இடம் இருந்தும் வேன் சைக்கிள் வேகத்துக்கே உருண்டது.

"அவளுக்குத் துணையா தினமும் இப்படித்தாங்க ஓட்டுறாரு," என்றாள் பின்சீட்டில் ஒருத்தி. "வீட்டுக்குப் போக நேரமாகுதுன்னு நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல. தங்கமான மனுஷன்."

டெய்லருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"ஏங்க, இந்த ரோட்டுல இன்னும் எத்தனையோ பேர் லைட்டு இல்லாமதானே போறாங்க? இவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

டிரைவர் சிவப்பு விளக்கிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. பின்சீட்டுக்குக் கேட்காதபடி இவர் பக்கம் சாய்ந்தார்.

"வெளிய சொல்லிடாதீங்க தம்பி, வேலை போயிடும். பொழுது சாஞ்சா எனக்கு ரோடே தெரியறதில்ல. உங்க வீட்டம்மா லைட்டு எந்தப் பக்கம் திரும்புதோ, அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிடுவேன்."